இருபத்தேழாம் பக்கத்துப் புள்ளி

பத்தொம்பது நாளும்மா! ஒரு நாவல வச்சிக்கிட்டு பத்தொம்பது நாளா என்னதான் பண்ணுவாங்க? முந்நூத்தி எம்பது பக்கம். நாளைக்கு இருபதுன்னு படிச்சாகூட இன்னையோட முடிஞ்சிருக்கணும். நானே எழுத்துக்கூட்டி இருபது பக்கம் படிக்கிறேன். அஞ்சாவதோட நிறுத்தினவ நானு!

உக்காரும்மா. செங்கம் ரோட்டு பஸ்ஸுதானே? பௌர்ணமி கிரிவலக் கூட்டம், லேட்டாத்தான் வரும். நான் யாருகிட்டயும் பேசமாட்டேன், கூச்ச சுபாவம். நீ லைப்ரரிலயிருந்து வந்தியேன்னு சொல்றேன்... செழியன் சாருகிட்ட, "மூணாம் பாகத்த யாரு வச்சிருக்காங்க?"ன்னு கேட்டேன். பேரு சொல்லக்கூடாதாம். லைப்ரரியன்னா அவ்ளோ ரூல்ஸு!

எந்த நாவலா? கொய்யாமரத்து வீடு. மூணு பாகம். இதுவரைக்கும் அறநூத்திப் பன்னெண்டு புக்கு படிச்சிருக்கேன், இதுமாதிரி ஒன்னு படிச்சதில்ல. ரெண்டாம் பாகம் எங்க முடியுது தெரியுமா? மங்களம்னு ஒருத்தி, புருஷன் ஊட்ட உட்டுட்டு வரா. பஸ்ஸு வந்துடுச்சி. படியில ஒரு கால வைக்கிறா, பின்னாடி புள்ள "அம்மா"ன்னு கூப்புடுது. அவ்ளோதான்! முற்றும் கூட போடல. ஏறினாளா, திரும்பினாளா? பத்தொம்பது நாளா நான் அந்தப் படியிலதாம்மா நிக்கிறேன். சோறு எறங்கல!

எல்லாம் அந்தப் புள்ளியால வந்துது. என்ன புள்ளின்னா... படிச்ச புக்கயே மறுபடி எடுத்துடக்கூடாதுன்னு, இருபத்தேழாம் பக்கத்துல பென்சிலால ஒரு புள்ளி வைப்பேன். எங்க ஊட்டு கதவு நம்பரு இருபத்தேழு, மறக்காது பாரு. எப்படியோ அத கண்டுபுடிச்சி, "புள்ளி வச்சது நல்ல புக்கு"ன்னு ஊரே எடுக்குது. நல்லதுன்னு யாரு சொன்னா? படிச்சதுக்கு அடையாளம்மா அது! சரி, நாலு பேரு ஏமாறக்கூடாதேன்னு, குப்ப புக்குக்கு ரெண்டு புள்ளி வச்சேன். போன வாரம் எதிர்வீட்டு வள்ளி சிரிக்கிறா. "ரெண்டு புள்ளின்னா சூப்பராம், தெரியாதா அத்தே?"ங்கிறா. அந்த ஒன்னுத்துக்கும் ஒதவாத பேய்க்கதைய பதினோரு பேரு எடுத்துருக்காங்க, பதினோரு பேரு!

இன்னொரு புக்குலயும் ரெண்டு புள்ளி வச்சிருந்தேன்... அத உடு.

வேக்குதா? விசிறிக்க என்ன எடுக்கற... ஐயோ! கொய்யாமரம்! மூணாம் பாகம்! நீதானா? படிச்சி முடிச்சிட்டியா? அப்புறம் ஏன் லைப்ரரில மறுபடியும் உன் பேருல எழுதி எடுத்துக்கிட்டு வர? அக்காவுக்கா? நல்லாருக்குதே!

எதுக்கு இருபத்தேழாம் பக்கத்த பிரிச்சிக் காட்டற? ரெண்டு புள்ளி... ஆமா, தெரியுது. சிரிக்காத. என் கார்டுல ஒரு புக்குக்குத்தான் எடம் இருந்துது. ரெண்டாம் பாகம் முடிக்கறதுக்குள்ள இத எவளாவது தூக்கிடுவாளேன்னு, குப்பைன்னு நெனச்சி தொடாம இருக்கட்டும்னு... நான்தாம்மா வச்சேன். போதுமா?

ஏ, பஸ்ஸு வந்துடுச்சா? இரும்மா! புக்கு வேணாம், அக்காவே படிக்கட்டும். படியில கால வச்சிட்டியா? ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போ, மங்களம் ஏறினாளா? ஏறினாளாம்மா?

தலைய ஆட்டிட்டுப் போறாளே... ஆமான்னு ஆட்டினாளா, இல்லன்னு ஆட்டினாளா, பஸ்ஸு ஆட்டுச்சா?