அந்தப் பிழை கமாவுடையது அன்று

மேடையில் வீற்றிருக்கும் அச்சகத் தலைவர் அவர்களே, மேலாளர் அவர்களே, அக்காவை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பியே, அவர் துணைவியாரே, இந்தக் கூடத்தின் நாற்காலிகள் போதாமல் சுவரோரம் நிற்கும் பணித் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் பிரெயில் அச்சகத்தின் தலைமை மெய்ப்புத் திருத்துநர் மறைந்துவிட்டார். ஒரு கமா விடுபட்டதற்காக இயந்திரத்தை நிறுத்தச் சொன்னவர். அன்று முதல் நமக்கெல்லாம் அவர் கமா! பார்வையற்றவர் என்று அவரைச் சொல்வார்கள். நான் பார்த்தவர்களில் அவரைப் போல் பிழையைக் கண்டவர் எவர்? ஆசிரியையாக இருந்த நான், கண்ணால் படிக்கும் அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு வாசிப்பேன். எதிரே அமர்ந்து, தடித்த தாளில் புடைத்திருக்கும் புள்ளிகளை அவர் விரல்கள் தொட்டுச் செல்லும். இப்படி இருபத்திரண்டு ஆண்டுகள்.

சற்று முன் மேலாளர் இரங்கல் தீர்மானத்தை வாசித்தார். நல்ல தமிழ், பாராட்டுகிறேன். ஆனால் அதன் மூன்றாம் பத்தி, "எல்லை கடந்து புத்தகம் அனுப்பிய அந்த ஒரு முறை தவிர, அவர் பணியில் பிழையே நேர்ந்ததில்லை" என்கிறது. மேலாளர் மீது குற்றமில்லை. கோப்பில் உள்ளதை எழுதியிருக்கிறார். கோப்பில் இருப்பது பொய். அதைச் சொல்லவே இந்த வயதில் இரண்டு படி ஏறி வந்தேன்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், எல்லைக்கு அப்பால் உள்ள பார்வையற்றோர் பள்ளியில் பன்னிரண்டு பிள்ளைகள் கணக்குப் பரீட்சைக்குப் புத்தகமின்றிக் காத்திருந்தார்கள். நம் இயந்திரம் பழுதாகி வேலை தாமதமாகிவிட்டது. பரீட்சைக்கு மூன்று நாள். தபாலில் அனுப்பினால் பத்து நாள். என் கணவர் விட்டுச்சென்ற கார் என்னிடம் இருந்தது. "நான் ஓட்டுகிறேன்" என்றேன். "அப்ப நான் பேச்சுத் துணை. டீச்சர் தனியா போனா வழியில இருக்கிற போர்டை எல்லாம் எறங்கித் திருத்திட்டு நிப்பீங்க" என்று கமாவும் ஏறிக்கொண்டார்.

புறப்படுமுன் அவர் சொன்னார்: "புத்தகத்தைப் படுக்க வைக்காதீங்க டீச்சர். நிமித்தி வைங்க. மேல கனம் ஏறக் கூடாது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்குப் பெட்டி அடுக்கச் சொல்லித் தராதம்மா. கான்வென்ட் விடுதியில படிச்சவ நான்." நிமிர்த்தி வைத்தால் இடம் அடைக்கிறதென்று பன்னிரண்டையும் கார் டிக்கியில் மூன்று அடுக்காகப் படுக்க வைத்தேன். மிச்சமிருந்த இடத்தில், ஓர் அடுக்கின் மேல், காரைத் தூக்கும் ஜாக்கியை வைத்தேன். பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருந்தது!

எல்லையில் சுங்க அதிகாரி டிக்கியைத் திறந்தார். ஜாக்கியை நகர்த்திவிட்டு அதன் அடியில் இருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"என்னம்மா இது? எழுத்தே இல்ல, எல்லாம் வெத்துத் தாளா இருக்கு! புத்தகம்னா விடலாம். வெத்துத் தாளுக்கு அனுமதிச் சீட்டு வேணுமே."

"படிச்சுக் காட்டினா விடுவீங்களா சார்?" என்றார் கமா. "நீங்களே ஒரு பக்கம் பிரிச்சுக் குடுங்க."

அதிகாரி நடுவில் பிரித்துக் கொடுத்தார். அச்சுப் பிரதியை அதிகாரியின் கையில் நான் கொடுத்தேன். கமாவின் விரல் பக்கத்தின் மூலையைத் தொட்டது. நடுவுக்கு வந்தது. நின்றது. நான்கு மூச்சு நேரம் நின்றிருக்கும். ஒருநாளும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. பிறகு வாசிக்கத் தொடங்கினார். வட்டத்தின் பரப்பளவு, இரண்டு எடுத்துக்காட்டு, அடியில் ஒரு குறிப்பு. அதிகாரி வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு சொல் பிசகவில்லை. "போயிட்டு வாங்கம்மா" என்று ஒதுங்கி நின்று வழி விட்டார்.

தடுப்பைத் தாண்டியதும், "டீச்சர், வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றார் கமா. குரலில் சிரிப்பில்லை. "அந்தப் பக்கத்துல புள்ளியே இல்ல. நசுங்கிப் போச்சு. மூலையில பக்க எண் மட்டும் பொழச்சுது. மூணு தடவை திருத்தின புத்தகமா இருக்கப்போயி மனப்பாடமா சொன்னேன். மேல என்ன வெச்சீங்க?"

"ஜாக்கி."

"கணக்குப் புத்தகத்து மேல ஜாக்கி வெச்சா பிள்ளைங்க மார்க்கு ஏறும்னு நெனச்சீங்களா?"

நான் அழுதேன். அவர் அழவிடவில்லை. அந்த அடுக்கின் நான்கு புத்தகங்களையும் தொட்டுப் பார்த்து, ஒவ்வொன்றிலும் நடுவே இருபது பக்கம் போல் நசுங்கியிருப்பதைக் கண்டறிந்தார். பையிலிருந்து குத்தூசியை எடுத்தார். சாலையோர மரத்தடியில் நான் அச்சுப் பிரதியை வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு தாளாகப் பின்புறத்திலிருந்து குத்தி, அமுங்கிய புள்ளிகளை மறுபடி எழுப்பினார். ஐந்து மணி நேரம்! விரல் நுனி சிவந்து வீங்கிவிட்டது. மதியம் சேர வேண்டியவர்கள் மாலையில் சேர்ந்தோம். பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் பரீட்சை எழுதினார்கள்.

திரும்பி வந்ததும், பள்ளி மூலம் செய்தி அறிந்த அன்றைய மேலாளர், புத்தகங்கள் நசுங்கியது எப்படி என்று விளக்கம் கேட்டார். நான் வாய் திறக்குமுன் கமா சொன்னார்: "என் பிழை சார். அடுக்கினதும் நான் தொட்டுப் பாத்திருக்கணும்."

வெளியே வந்து, "ஏம்மா இப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் சம்பளக்காரி, திட்டிட்டு விட்டுருவாங்க. நீங்க சும்மா வந்து வாசிக்கிறவங்க. நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டா எனக்கு யார் வாசிப்பா? வீட்டுல ஒத்தையா உக்காந்து நீங்கதான் என்ன பண்ணுவீங்க? பேசாம இருங்க டீச்சர்."

பேசாமல் இருந்தேன். திட்டோடு போகவில்லை, நண்பர்களே. ஓராண்டு முழுவதும் கமா திருத்திய ஒவ்வொரு பக்கத்தையும் இன்னொருவர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்று ஆணை வந்தது. அந்த விரல்களுக்கு மேற்பார்வை! எதிர் நாற்காலியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாளாவது எழுந்து உண்மையைச் சொன்னேனா? இல்லை. அவர் கேட்டுக்கொண்டதால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நான் பிழை செய்தேன் என்று பிறர் அறிவதை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

தம்பி, உங்கள் அக்காவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உங்களிடம் கேட்கிறேன்.

மேலாளர் அவர்களே, மூன்றாம் பத்தியைத் திருத்துங்கள். "தவிர" என்ற சொல்லோடு அந்த வாக்கியப் பகுதியை நீக்குங்கள். புத்தகங்களை நசுக்கியவர் யார் என்று கோப்பில் என் பெயரை எழுதுங்கள். திருத்திய பிறகே தீர்மானத்தில் நான் கையொப்பமிடுவேன்.

கமா விட்டுச்சென்ற அறிவியல் புத்தகம் நாற்பத்தோராம் பக்கத்தில் நிற்கிறது. அவர் இடத்துக்கு வரப்போகும் புதிய திருத்துநருக்கு, நாளைக் காலை ஒன்பது மணிக்கு, நான் வாசிப்பேன். இப்படிப்பட்டவள் வாசிக்க வேண்டாம் என்று நீங்கள் கருதினால், இப்போதே, எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.