பாதி திறந்த மதகு

— நார்மன், மதகை முழுசாத் திறப்பா! இந்தத் தொட்டியில தண்ணி ஏறினாத்தானே படகு மேல் கால்வாய்க்குப் போகும், ஏறவே மாட்டேங்குது. படகுல நின்னு நின்னு கால் விறைச்சுப் போச்சு.

— திறந்துதான் இருக்கு டீச்சர்.

— பாதி. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது.

— முழுசாத் திறந்தா படகு ஆடும். உங்க டீ கப்பெல்லாம் உடைஞ்சிடும்.

— கப்பெல்லாம் கட்டி லீட்ஸுக்கு அனுப்பியாச்சு. தங்கச்சி மேல் கரைக்கு வந்து கார்ல கூட்டிட்டுப் போறேன்னிருக்கா. இனிமே அவ வீட்டு மாடிதான் எனக்கு.

— கார்ல போனா சீக்கிரமே போயிடுவீங்களே.

— பின்னே, எல்லாரும் உன்ன மாதிரியா? லென்டிட்யூட்!

— இன்னும் அத விடலையா நீங்க? முதல் தடவ இந்தக் கால்வாய்க்கு வந்தப்போ சொன்னது. மழை கொட்டுது, நான் தொட்டிக் கதவத் திறக்கறதுக்குள்ள தொப்பலா நனைஞ்சிட்டீங்க.

— திட்டினதப் பாராட்டுன்னு நினைச்சு, உன் குடிசைப் பலகையில பெயிண்டால எழுதி வேற வெச்சியே, மகராசன்!

— இங்கிலீஷ்காரன்னுதான் பேரு, எனக்கு என்ன தெரியும்? பப்ல கேட்டேன், ஒருத்தனுக்கும் தெரியல. ஏதோ பட்டம்னு நினைச்சு எனக்கு பீர் வாங்கிக் குடுத்தானுங்க.

— அகராதியப் பாக்கறதுக்கென்ன?

— பாத்தேன், அடுத்த வருஷம். மந்தம், சோம்பல்னு போட்டிருந்துச்சு.

— அப்புறமும் பலகைய எடுக்கலையே நீ?

— நீங்க வெச்ச பேராச்சே.

— அட அசடே! மந்தம் இல்லப்பா. அகராதி எழுதினவன் உன்னப் பாத்தானா? நத்தைய நான் அப்படிச் சொல்ல மாட்டேன், அது பொறப்பே அப்படி. சீக்கிரம் போகத் தெரிஞ்சும் போக மனசில்லாதவன் இருக்கான் பாரு, அவனுக்குத்தான் நான் அந்த வார்த்தையச் சொல்லுவேன்.

— இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல.

— நீயும்தான் எத்தனையோ சொல்லியிருக்கலாம். கோடைக்குக் கோடை வர்றேன். இந்தத் தொட்டி நிரம்பற வரைக்கும் உன் வாயையே பாத்துட்டு நிப்பேன். நீ வாத்தப் பத்திப் பேசுவே. கதவு திறந்துக்கும், நான் போயிடுவேன். அதெல்லாம் ஒரு காலம்.

— வாத்து இந்த வருஷம் கம்மிதான்.

— ஆரம்பிச்சிட்டான்யா!

— டீச்சர்... லீட்ஸ் பிடிச்சிருக்கா உங்களுக்கு?

— பிடிக்கல. என்ன செய்ய? இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு வழியில இருக்கற தொட்டிக் கதவையெல்லாம் தனியாத் தள்ள முடியல. கிளம்பற அன்னைக்கு இதக் கேட்டு என்னை அழ வைக்காதே, போ. தண்ணி நிரம்பிடுச்சு பாரு. படகை வாங்கினவரு இங்கேயே வந்து சாவி வாங்கிக்குவாருன்னு புரோக்கர் சொன்னான். பேரக் கேட்டா, சொல்ல வேண்டாம்னுட்டாராம். எங்க ஆளையே காணோம்? கரையில உன்ன விட்டா ஒரு ஈ காக்கா இல்ல.

— ஆமா டாஃப்னி, சாவி வாங்க நான் மட்டும்தான் நிக்கறேன். அது உங்கிட்டயே இருக்கட்டும். இனிமே கதவ நான் தள்ளிக்கறேன்.