நிச்சயத்துக்கு ஒரு பல்

— ஜல்தியா முடிச்சிடுங்க டாக்டரம்மா. நாளைக்குக் காலைல பொண்ணுக்கு நிச்சயம். கலசப்பாக்கத்துலர்ந்து சம்பந்தி வீட்டுக்காரங்க வேன் வச்சிகினு வராங்க.

— முடிஞ்சிடுச்சிண்ணே, ஒட்டியாச்சு. புஷ்பலதாக்கா, இந்தப் பஞ்சை நல்லா அழுத்திக் கடிச்சிக்கோங்க. ஒட்டினது இறுகணும். நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, பேசவும் கூடாது.

— கேட்டுகினியா புஷ்பா? பேசக் கூடாதாம். கல்யாணம் ஆன நாள்லர்ந்து நான் கத்தியும் நடக்காதது ஒரு துண்டு பஞ்சுல நடக்குது பாரு. இன்னும் ரெண்டு பொட்டலம் குடுங்க டாக்டரம்மா, வீட்டுக்கு எடுத்துகினு போறேன்.

— பாவம்ணே அவங்க. போன ஒரு பல்லுக்காகப் பக்கத்துல இருந்த ரெண்டு நல்ல பல்லைத் தேய்ச்சிருக்கோம். அந்த ரெண்டு மேலதான் இந்தப் பாலமே நிக்குது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை வலிக்குதுன்னு சொல்லல.

— தேய்ங்க, தேய்ச்சா இன்னா இப்போ? இவ பல்லாலதான் போன மாசமே நடக்க வேண்டிய நிச்சயம் தள்ளிப் போச்சி. ஓட்டை வாயோட சபையில நின்னா, லோகநாதன் பொண்டாட்டிக்கு இன்னா ஆச்சின்னு நாலு பேரு கேக்க மாட்டான்? தறி போட்டு ஊருக்கே பட்டு விக்கிறவன் நான். ஒரு பல்லால எனக்கு எவ்ளோ பேஜாரு பாருங்க.

— எப்படிண்ணே விழுந்தாங்க?

— அன்னிக்கே சொன்னேனே. தறிக்குழியில கால் தவறி விழுந்துட்டா. வாய் போய் தறி மரத்துல மோதிச்சி.

— எந்தத் தறிக்குழி?

— எந்தக் குழின்னா? வீட்டுல இருக்கிற குழிதான்.

— உங்க வீட்டுல ஏதுண்ணே குழி? கைத்தறிக் குழி எல்லாத்தையும் மண்ணு போட்டு மூடி, டைல்ஸ் ஒட்டி, பவர்லூம் இறக்கினீங்களே. பூஜை போட்டு பிரியாணி போட்டீங்க. நானும் எங்கப்பாவும் வந்து சாப்பிட்டோம்.

— நம்ம வீட்டுல இல்ல. இவ அண்ணன் வீட்டுல. இந்தா பாரும்மா, நீ பல்லைப் பாரு. குழியை எதுக்குப் பாக்கறே?

— சரிண்ணே. லாவண்யா எப்படி இருக்கா? பல்லு கிளீன் பண்ண வந்தப்போ சென்னையில வேலை கிடைச்சிருக்கு, சேரப் போறேன்னு அவ்வளவு சந்தோஷமா சொல்லிட்டுப் போனா.

— அதெல்லாம் வேணாம்னுட்டா.

— அவளா வேணாம்னா? போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கறா.

— போன் எங்கிட்ட இருக்குது. கூடப் படிச்சவன் ஒருத்தன் பேரைச் சொல்லிகினு இருந்தா. இப்போ சொல்றதில்ல. தலைவலின்னு ரூம்ல படுத்துகினு இருக்கா. நாளைக்கு அரக்குப் பட்டைக் கட்டி உக்கார வச்சா எல்லாம் இறங்கிடும்.

— சரி, கீழ மெடிக்கல்ல போய் இந்த மாத்திரையை வாங்கிட்டு வந்துடுங்கண்ணே.

— போறப்போ வாங்கிக்கிறேன்.

— இப்பவே போடணும். இல்லன்னா நாளைக்கு போட்டோல அக்கா மூஞ்சி வீங்கித் தெரியும்.

— போட்டோலயா? அப்போ வாங்கியாரேன். புஷ்பா, கடிச்சிகினே இரு.

— போயிட்டாருக்கா. கதவைச் சாத்திட்டேன். நீங்க பேச வேணாம், தலையை மட்டும் ஆட்டுங்க. குழியில விழல, இல்ல? ம், எனக்கு அன்னிக்கே தெரியும். அவர்தானே அடிச்சாரு? ஏன்க்கா இல்லன்னு ஆட்டறீங்க? அவர் மாடி ஏறி வர நேரம் ஆகும், பயப்படாதீங்க. மகளிர் ஸ்டேஷன்ல எனக்குத் தெரிஞ்ச எஸ்.ஐ. இருக்காங்க. நானே கூட வரேன். லாவண்யாவையும் இன்னைக்கே கூட்டிட்டு வந்துடலாம். இந்தக் கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். அழாதீங்கக்கா. பஞ்சை எடுத்துடுங்க, இறுகிடுச்சு. இப்போ சொல்லுங்க.

— நீ நல்ல பொண்ணு சுகன்யா. உங்கம்மா குடுத்து வச்சவ. ஆனா அவரு என்னை அடிக்கலம்மா.

— இன்னும் அவரையே காப்பாத்தறீங்களே அக்கா.

— நெஜமா. அவரு லாவண்யாவைத்தான் அடிச்சாரு. அவ தெருவுக்கு ஓடிடப் போறாளேன்னு, நான் பின்னாலர்ந்து அவ ரெண்டு கையையும் இறுக்கிப் புடிச்சிகினு இருந்தேன். அவரு உட்ட அறையில அவ தலை பின்னால வந்து என் வாயில மோதிச்சி.

— நீங்களா புடிச்சீங்க?

— வேற யாரு புடிப்பா? பெத்தவ நான்தானே. வேற ஜாதிக்காரனோட போறேன்றா, போயிட்டு வான்னு அனுப்ப முடியுமா? அந்தக் கண்ணாடியைக் குடு. அடடா, நம்ம பல்லு மாதிரியே இருக்குது. கைராசிக்காரிம்மா நீ.

— அக்கா.

— ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அவரு வரதுக்குள்ள சொல்லிடு. திரும்பவும் மோதினா இது தாங்குமா? அவ இன்னும் சரின்னு சொல்லல. இன்னைக்கும் நான்தான் புடிச்சிக்கணும்.