ரோஜாச் செடிக்கு விழுந்த அடி

"ரோஜாச் செடியை அடிச்சவனோட நான் குடும்பம் நடத்த மாட்டேன்க்கா."

ஜமுனாமரத்தூர் பஸ் மலையேறத் தொடங்கியபோது, முன் சீட்டிலிருந்து கேட்டது. படவேட்டில் ஏறிய பெண். மடியில் ஈரச் சாக்கில் சுற்றிய ரோஜாக் குச்சிகள். பக்கத்தில் அவளுடைய அக்கா.

"ஒரு செடிக்காவா வூட்டை வுட்டு வந்த? ஊரே சிரிக்கும்டி."

"முட்டை ஓடும் டீத்தூளும் போட்டு வளர்த்தேன். இடுப்பு உசரம் வந்து கொத்துக் கொத்தா பூத்துது. அவன் குளிக்க வெச்ச தண்ணிய அதுக்கு ஊத்திட்டேனாம். கட்டையால அடிச்சே ஒடச்சிட்டான். இந்தக் குச்சிங்கதான் மிச்சம். உன் வூட்டுல நட்டா துளிர்க்கும்."

"ஆம்பளைக்குக் கோவம் வரும். அனுசரிச்சுப் போ."

"இன்னாத்த அனுசரிக்கிறது? அது என்மேல விழ வேண்டிய அடி. நான் செடிக்குப் பின்னால ஓடி நின்னுக்கினேன்."

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள்.

"முன்னயும் அடிச்சிருக்கானா?"

தங்கை ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். தோளுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அனுசரிச்சுப் போன்னுவ."

அப்போது தங்கையின் போன் அடித்தது. திரையில் அவன் பெயரைப் பார்த்ததும் அக்கா அதைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"அவ வர மாட்டா. உனக்கு அடிக்கணும்னா கட்டையைத் தூக்கிக்கினு மலைக்கு வாடா. நான் இருக்கேன்!"