குள்ளன் குரைக்கும் இடம்

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஏரிக்கரை மேலே போகிற மண் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கிழங்குத் தோட்டம். ஒரு மனிதர் தனியாக நடந்து வருகிறார். தோளில் கடப்பாரையும் மண்வெட்டியும். பின்னால் ஒரு நாய்.

போகும்போது இரண்டு நாய்கள் போயின.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வலை இழுக்க இன்னும் நேரம் கிடக்கிறது. இந்த மழையில் மீனே போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். விளக்கைத் தணித்து வை, மண்ணெண்ணெய் என்ன உன் மாமனார் வீட்டுச் சொத்தா? பயப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நடுவில் எழுந்தால் தனியாகத்தான் போகவேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இது என் நண்பனுடைய மச்சானுக்கு நடந்தது. நண்பன் டவுனில் லிஃப்ட் மெக்கானிக். சுவரில் காதை வைத்து, இது உருளைச் சத்தம், இது கம்பிச் சத்தம் என்று பிரித்துச் சொல்வான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவன் பிழைப்பு. ஆதாரம் இல்லாமல் பெற்ற தாய் சொன்னாலும் நம்பமாட்டான். அவன் இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால்தான் நான் நம்பினேன்.

அவன் மனைவியின் அண்ணன்தான் அந்த மச்சான். நாமும் மச்சான் என்றே வைத்துக்கொள்வோம், வாய்க்கு வசதி. தோட்டத்தில் எலி, பெருச்சாளி, முள்ளம்பன்றி எது புகுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலை இல்லாத நாளில் ஏரியில் தூண்டில் போடுவார். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனிக்கட்டை. கூட இருந்தது இரண்டு நாய்கள். ஒன்று குள்ளன், முழங்கால் உயரம்கூட இருக்காது. இன்னொன்று நெட்டை.

வளைக்குள் இறங்குவது குள்ளன் வேலை. இறங்குவதற்கு முன்னால் அதன் கழுத்துப்பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பட்டை உள்ளே வேரில் மாட்டிக்கொண்டால் நாய் திரும்பாது. உள்ளே போன குள்ளன், பிராணியை முகத்துக்கு நேரே நிறுத்திக் குரைக்கும். மச்சான் மேலே தரையில் காதை வைத்துப் படுத்துக் கேட்பார். குரைப்பு எங்கே கேட்கிறதோ அதற்கு நேர் மேலே கடப்பாரை இறங்கும். தோண்டி முடிக்கும்வரை குள்ளன் அந்த இடத்தைவிட்டு நகராது, குரைப்பதையும் நிறுத்தாது.

நாயால் ஆகாத வளைக்கு விஷ மாத்திரை. மண்ணின் ஈரம் பட்டதும் புகையும். அழுகின பூண்டு மாதிரி ஒரு வாடை. வளை வாசலை மண் வைத்து அடைத்துவிட்டால் உள்ளே இருக்கிற எதுவும் பிழைக்காது. ஆகவே மாத்திரை போடும் முன் நாய் வெளியே வந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். அது அந்தத் தொழிலில் அரிச்சுவடி.

எப்படிப் பார்ப்பது? மச்சானுக்கு ஒரு வழி இருந்தது. நெட்டையைப் பார்ப்பார். குள்ளன் உள்ளே இருக்கும்வரை நெட்டை வளையின் இன்னொரு வாசலில் நின்றுகொண்டே இருக்கும். குள்ளன் வெளியே வந்தால்தான் படுக்கும். ஒருநாளும் தப்பியதில்லை. போகப் போக அவர் குள்ளனைத் தேடுவதையே விட்டுவிட்டார். நெட்டை படுத்தால் சரி.

அன்றைக்கு ஏரிக்கரையில் முள்ளம்பன்றி வளை. குள்ளன் இறங்கியது. கொஞ்சம் குரைத்தது... அப்புறம் சத்தமே இல்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் பின்னால் நின்று அவசரப்படுத்தினார். "இன்னைக்கே முடிச்சிடுங்க. கரை ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

மச்சான் திரும்பிப் பார்த்தார். நெட்டை படுத்திருந்தது.

மாத்திரை போட்டார். இரண்டு வாசலையும் அடைத்தார். மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி இறுக்கினார்.

திரும்பி வரும் வழியில் நெட்டை நொண்டுவதைக் கவனித்தார். குனிந்து பார்த்தால் பின்னங்காலில் ஒரு முள் ஏறியிருந்தது. நிற்க முடியாமல்தான் படுத்திருக்கிறது. முள்ளைப் பிடுங்கக் குனிந்தபோது சட்டைப்பையில் ஏதோ நெஞ்சில் குத்தியது. குள்ளனின் பட்டை.

ஓடினாரா என்று கேட்காதீர்கள். ஓடவில்லை. அந்தச் சாலையில் நின்றார். தவளைகள் கத்துவது மட்டும் கேட்டதாம். அப்புறம் முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். "அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்" என்று பின்னால் ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். முடியாமலும் இருந்திருக்கலாம். அது அவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார். சாப்பிட்டார். அழுகை வரவில்லையே என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாராம். வரவில்லை. படுத்தார்.

அப்போது கேட்டது... கட்டிலுக்குக் கீழே. தரைக்குக் கீழே.

லொள். லொள். லொள்.

தூரத்து நாய் இல்லை. வாயில் மண் படிந்த மாதிரி அமுங்கின குரைப்பு. அதைக் கேட்டுத் தோண்டித்தான் அவர் சோறு தின்றிருக்கிறார், தெரியாதா? இறங்கித் தரையில் காதை வைத்தார். காதுக்கு நேர் கீழே குரைத்தது. மூலையில் கிடந்த நெட்டை நொண்டிக்கொண்டே எழுந்தது. எழுந்து நின்றது. விடியும்வரை படுக்கவே இல்லை.

பாயைத் தூக்கிச் சமையல்கட்டில் போட்டார். குரைப்பு சமையல்கட்டுக்கு வந்தது. வாசலில் போட்டார். வாசலுக்கு வந்தது.

காலையில் போய்க் கரையைத் தோண்டினார். இரண்டு வாசலிலும் அவர் அடைத்த மண் அப்படியே இருந்தது, மண்வெட்டித் தடம்கூட அழியவில்லை. உள்ளே முள்ளம்பன்றி செத்துக் கிடந்தது. குள்ளன் இல்லை. வளை முழுக்கத் திறந்துபோட்டுப் பார்த்தார். ஒரு முடிகூட இல்லை.

அதற்கப்புறம் சொந்த வீட்டுத் தரையைத் தோண்ட ஆரம்பித்தார். கட்டில் இருந்த இடத்தில் இடுப்பளவு குழி. அக்கம்பக்கத்தில் யாரோ போன் போட்டார்கள். தங்கை ஓடிவந்து பார்த்தாள். குழிக்குள் நின்றுகொண்டு, "வாம்மா, எப்ப வந்த?" என்று கேட்டாராம், சந்தையில் பார்த்த மாதிரி. அன்றைக்கே டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நெட்டை வண்டியில் ஏற மறுத்துவிட்டது. அவர் கை நீட்டினால் பின்வாங்கியது. தோட்டக்காரர் வைத்துக்கொண்டார்.

நண்பன் வீடு நாலாவது மாடி. கீழே மூன்று வீடுகள், அதற்கும் கீழே வண்டி நிறுத்துகிற இடம். மண் என்பதே கண்ணில் படாது. நண்பன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான், "இங்க வந்தா சரியாயிடுவாரு. மனசுல இருக்கிறதுதான் காதுல கேக்குது."

முதல் நாள் ராத்திரி நண்பனுக்கே கேட்டது.

அவன் அறைக்குள் போய், டைல்ஸ் தரையில் காதை வைத்துக் கேட்டான். பக்கத்தில் மச்சானும் காதை வைத்துப் படுத்திருந்தார். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபடி, நடுவே ஒரு முழம் இடைவெளி. "குழாய்ச் சத்தம் இல்ல. மோட்டார் இல்ல. சத்தம் சுவர் வழியா வரல. கான்கிரீட்டுக்குள்ள இருந்து வருது" என்றான் என்னிடம். லேசாகப் பூண்டு வாடையும் அடித்ததாம். தங்கை அன்றைக்குப் பூண்டே உரிக்கவில்லை.

விடிந்ததும் கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார்.

"ராத்திரி பூரா உங்க நாய் குரைக்குது. வாயக் கட்டுங்க."

"எங்க வீட்ல நாயே இல்ல சார்."

"அப்ப எங்க தலைக்கு மேல குரைக்கிறது யாரு, நீங்களா?"

நண்பன் மறு ராத்திரி கீழ் வீட்டுக்குப் போய் நாற்காலி போட்டு ஏறிக் கூரையில் காதை வைத்தான். அங்கே மேலே கேட்டது. மேலே வந்தால் கீழே கேட்டது. நடுவில் இருப்பது ஒரு சாண் கான்கிரீட். அதில் ஒரு பல்லி புக இடமில்லை.

மச்சான் சண்டை போடவில்லை, புலம்பவில்லை. கொடுத்ததைத் தின்றார். தங்கை ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

"உப்பில்லன்னு சொல்லக் கூடாதாண்ணே?"

"இல்லியாம்மா? தெரியலியே."

அடுப்பில் இருந்து இறக்கின பாத்திரத்தை வெறும் கையால் பிடித்துவிட்டு, தோல் கருகின வாடை வந்த பிறகுதான் விட்டாராம். தங்கை கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். கூடப் பிறந்தவன் கண்ணெதிரே மரக்கட்டை ஆகிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"உங்களுக்கு என்னதான் மச்சான் வேணும்?" என்று நண்பன் கேட்டான்.

"அது நிக்கணும் மாப்ள. அவ்வளவுதான்."

"என்ன பண்ணா நிக்கும்?"

"தோண்டணும்."

"வாடகை வீடு மச்சான்."

"ம். அதான் பாக்கறேன்."

இப்படியே போனது. பிறகு ஒரு ராத்திரி... நின்றுவிட்டது.

நண்பன்தான் முதலில் கவனித்தான். அந்தக் குரைப்பு பழகிப்போய், அது இல்லாதபோது தூக்கம் கலைந்துவிட்டது. மனைவியை எழுப்பினான். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். எதுவுமில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். நண்பன் அறைக்குள் போனான். மச்சான் கண்ணைத் திறந்தபடி மல்லாந்து படுத்திருந்தார்.

"நின்னுடுச்சு மச்சான்."

"ம்."

"இனிமே நிம்மதியாத் தூங்குங்க."

மச்சான் மெதுவாகச் சொன்னார். "வாய்ல கவ்வியிருக்கும்போது எப்படி மாப்ள குரைக்கும்?"

போர்வையை விலக்கிக் காட்டினார். வலது கால். முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. நண்பன் கிள்ளினான், ஊசியால் குத்தினான். அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் எடுத்தார். நரம்பு சரி, ரத்தம் சரி, தோலில் ஒரு கீறல் இல்லை. கால் மட்டும் ஐஸில் வைத்த மீன் மாதிரி சில்லென்று இருந்தது.

அதற்கப்புறம் கட்டில் நகர ஆரம்பித்தது.

இரும்புக் கட்டில். இரண்டு ஆள் வேண்டும் தூக்க. காலையில் பார்த்தால் சுவரிலிருந்து ஒரு சாண் விலகியிருக்கும். கால்மாட்டுப் பக்கம், வாசலைப் பார்த்து. டைல்ஸில் கோடு விழுந்திருக்கும். மனைவி எழுவதற்கு முன்னால் நண்பன் தள்ளித் தள்ளிப் பழைய இடத்தில் வைப்பான். மறுநாள் ஒரு முழம்.

போன வாரம் நான் பார்க்கப் போனேன். கெண்டை கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனேன், வெறுங்கையோடு போகக் கூடாது என்று. அறையில் அவரும் நானும் மட்டும். மரத்துப்போன அந்தக் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். நான் அப்படித்தான், மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"பயம் வந்தாத்தான் தேவலை தம்பி. வரல" என்றார். "குள்ளன் மேல கோவமும் இல்ல. அது அதோட வேலையச் செய்யுது. எலி, பெருச்சாளின்னா தோண்டவே வேணாம், அதுவே கவ்விக்கும். கவ்வினா விடாது. பின்பக்கமாவே நடந்து நடந்து, வளை வாசல் வரைக்கும் இழுத்துட்டு வரும். வாசல்ல நான் நிப்பேன். நான் கையில வாங்கினாத்தான் வாயத் தெறக்கும்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நான் இங்க கெடக்கேன். இழுத்துட்டுப் போனா வாசல்ல வாங்கிக்கறதுக்கு யாரு நிக்கிறாங்கன்னுதான்... தெரியல."

நான் எழுந்து வந்துவிட்டேன். வீரம் பேசுகிற வாய்தான், ஆனாலும் வந்துவிட்டேன். படியிறங்கும்போது நண்பனிடம் அவர் சொன்னதைச் சொன்னேன். ஏதாவது கிண்டல் பண்ணுவான், மனசு லேசாகும் என்று நினைத்தேன். அவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

"கட்டில் நகர்றத மட்டுந்தான் உங்கிட்ட சொன்னேன்" என்றான். "வெளிக் கதவ நான்தான் பூட்டறேன். சாவி என் தலகாணிக்குக் கீழ இருக்கு. ஆனா காலைல எந்திரிச்சுப் பார்த்தா தெறந்திருக்கு. ரொம்ப இல்ல... ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு."