அயிரை ஓடைக்குக் குறுக்கே நின்ற ஷரீபா அக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, மாலையோடு வந்திருக்கும் மணல் குத்தகைதாரர் ஐயா அவர்களே, அழுது வீங்கிய கண்களோடு கூடியிருக்கும் ஊர் மக்களே, வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தில் பள்ளி மாணவிகள் சார்பில் இலக்கியா பேசுகிறேன்.

நம் வார்டு உறுப்பினர் ஷரீபா அக்கா யாருக்காக உயிர் விட்டார்? விரல் நீளம்கூட இல்லாத அயிரை மீனுக்காக! ஓடை மணலுக்குள் புதைந்து வாழும் மீன் அது. மணலை அள்ளினால் மீனும் சேர்ந்து லாரியில் ஏறும். லோடுக்குள் அது நசுங்கித் துடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அக்கா பார்த்தார். மணல் குவியலில் கைவிட்டு, குடல் பிதுங்கிய மீன்களுக்கு நடுவே உயிருள்ளவற்றைப் பொறுக்கி மடுவில் விட்டார். நானும் கூடப் பொறுக்கினேன்.

"என்னா கவுன்சிலரம்மா, இன்னிக்கி அயிர கொழம்பா?" என்று லோடு ஆட்கள் சிரித்தார்கள்.

"ஓட இருந்தாதான்டா ஒம் புள்ளைக்கும் கொழம்பு!" என்றார் அக்கா.

அன்றும் ஓடைக்குள் லாரி இறங்கியது. அக்கா குறுக்கே போய் நின்றார்.

"அக்கா, நவுருங்க. மொதலாளி லைன்ல இருக்காரு" என்றார் டிரைவர்.

"ராஜ்கமலு, எனக்கு ஓட்டுதான் போடல. சொன்ன பேச்சாவது கேளுடா!"

டிரைவரின் போன் ஸ்பீக்கரில் ஒரு குரல் கேட்டது: "ஏத்துற மாதிரி போடா, ஓடிடுவா."

அக்கா ஓடவில்லை. சக்கரம் நிற்கவில்லை. எலும்பு நொறுங்கிய சத்தத்தைக் கரையில் நின்ற நான் கேட்டேன். ஓடைத் தண்ணீர் சிவந்தது.

அடக்கத்துக்குப் போன ஆண்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்களாம். குத்தகைதாரர் ஐயாவும் போட்டாராம். லோடு லோடாக அள்ளிய கை, மூன்று பிடியைத் திருப்பிக் கொடுத்தது!

இந்தப் பேனரில் 'விபத்தில் மறைந்த' என்று அச்சடித்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்கிறார்கள். லாரி ஓட்டிய ராஜ்கமல் என் தாய்மாமா. "வாயத் தொறந்து குடும்பத்தக் கெடுத்துடாதடி" என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்பினார்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா விழுந்த பிறகு அந்த லாரி நின்றதே! எதனால் நின்றது? பிரேக் பிடித்துத்தான் நின்றது.

அக்கா, மிச்சமிருக்கும் அயிரைகளை நாங்கள் காப்போம். பார்த்ததை நாளை காவல் நிலையத்தில் சொல்வேன்.

மாமா, கடைசி வரிசையில தல குனிஞ்சு ஒக்காந்திருக்கீங்க. என்கூட வாங்க. போன்ல பேசுனது யாருன்னு நீங்களே சொல்லிடுங்க மாமா.