என் வீட்டு மாடியிலிருந்து யாரும் குதிப்பதில்லை

தலைமை தாங்கும் தையற்கடை ஐயா அவர்களே, இப்போது பார்த்த படத்தை எடுத்த எதிர்வீட்டுப் பெண்ணே, படியேற முடியாமலும் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். முன்வரிசையில் என் அக்கா இருக்கிறார். அவருக்கு இன்னும் வணக்கம் சொல்லவில்லை. மறதி என்று நினைக்க வேண்டாம்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. படம் பார்த்தவள். பையனும் பையனும் காதலிக்கும் படங்களைப் பேத்தி காட்டினாள். பள்ளிக்கூட வயது, பயம், பார்வை, பக்கத்தில் பக்கத்தில் சைக்கிள். நன்றாகத்தான் போகும். பிறகு ஒருவன் ஆற்றோடு போவான். ஒருவன் ரயிலேறிப் போவான். காதலித்த பையனுக்குக் கல்லறைதான் கடைசிக் காட்சியா? கைகோத்த குற்றத்துக்குக் கண்ணீர்தான் கூலியா? உயிரோடு இருக்க ஊரில் இடமா இல்லை?

இந்தப் படமும் இரண்டு பையன்கள் கதைதான். இதை எடுக்க நான் பிறந்த வீட்டையே கொடுத்தேன். கூடத்தில் விளக்கு வைத்தார்கள். ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்தார்கள். அது நினைவிருக்கிறது, பிறகு பேசிக்கொள்வோம். கடைசி நாள் மாடிச் சாவி கேட்டாள் இந்தப் பெண்.

"எதுக்கும்மா?"

"சின்னவன் மேலேருந்து குதிக்கிறான் பாட்டி. கிளைமாக்ஸ்."

"ஏன் குதிக்கிறான்?"

"அப்பதான் ஜனங்க அழுவாங்க."

"அவங்க அழுறதுக்கு இவன் சாகணுமா? என் வீட்டு மாடியில அதெல்லாம் கிடையாது. வேற யோசி."

கேமராக்காரர் கெஞ்சினார். "வெளிச்சம் போகுது பாட்டி."

"நாளைக்கு வரும்."

கடைசியில் நானே மாடியேறினேன். கொடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. பையன்களை மடிக்கச் சொன்னேன். ஆளுக்கு இரண்டு முனை. விலகி நின்று உதறினார்கள், நெருங்கி வந்து சேர்த்தார்கள். மீண்டும் விலகினார்கள், மீண்டும் நெருங்கினார்கள். கடைசி மடிப்பில் கையோடு கை. யாரும் கையை எடுக்கவில்லை. அதுதான் முடிவு. இப்போது பார்த்தீர்கள், அழுதீர்கள். யாராவது செத்தார்களா?

பின்னால் என்ன கேட்கிறீர்கள்? ஆமாம், என் போர்வைதான். இன்னும் திரும்பி வரவில்லை.

அந்த மடிப்பு என் கற்பனையல்ல. அந்தக் காலத்தில் என் தம்பியும், எங்கள் வீட்டில் குடியிருந்த டிரைவரின் பையனும் அதே மாடியில் மடித்தது. படியில் நின்று அக்கா கூப்பிட்டார்: "அப்பா, இதக் கொஞ்சம் வந்து பாருங்க." அன்றே தம்பியைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். டிரைவர் குடும்பம் வீட்டைக் காலி செய்தது. தம்பி திரும்பி வந்த பிறகும் அக்கா அவனோடு பேசவில்லை. அதனால் நான் இன்றுவரை அக்காவோடு பேசவில்லை. சொன்ன சொல் நினைவிருக்கிறது. நின்ற படி நினைவிருக்கிறது. கட்டியிருந்த சேலையும் நினைவிருக்கிறது. பச்சை.

இன்று நான் படம் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தேன். போர்வை மடிந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் துடைத்தார்.

தம்பி கடைசி வரிசையில் இருக்கிறான். பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்து இடம் பிடித்திருக்கிறேன். யாருக்கென்று அக்காவுக்குத் தெரியும்.

அக்கா எழுந்துவிட்டார். கைதட்ட வேண்டாம், முழங்கால் வலிக்காரர், பார்த்து நடக்கட்டும். தாய்மார்களே, காலை மடக்கி வழி விடுங்கள்.

தம்பி பையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் இஷ்டம். எடு என்று நான் சொல்ல மாட்டேன்.

எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அக்கா அவர்களே, வணக்கம். மற்றவர்களுக்கு நன்றி.